கொம்பு குத்திய விரல்

என் அண்ணிக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. எனக்கோ அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. எங்கள் வீட்டுக்கென்று அளந்து வைத்த பயம் முழுவதையும் கடவுள் என் தலையில் கொட்டிவிட்டான் என்று அண்ணன் சொல்வான். கரப்பான்பூச்சிக்குப் பயப்படுவேன், இடிக்குப் பயப்படுவேன், வாடகை கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் பயப்படுவேன், தட்டாமல் போனால் ஏன் தட்டவில்லை என்று பயப்படுவேன். வேலை செய்யும் இடத்தில் எனக்குத் தொடைநடுங்கி என்று பெயர். அண்ணிக்கு மெஷின் என்று பெயர்.

நாங்கள் இருவரும் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்கிறோம். மேலே தகரக் கூரை, கீழே எந்நேரமும் கணுக்காலை நனைக்கும் தண்ணீர், நடுவில் நீளநீளமான ஸ்டீல் மேசைகள். ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்றபடியே உரிக்க வேண்டும். தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறி, கறுப்பு நூல் மாதிரி ஓடும் குடலை அறுந்துவிடாமல் உருவி, பேசின் தண்ணீரில் போட வேண்டும். நான் ஒன்று உரிப்பதற்குள் அண்ணி மூன்று உரித்திருப்பாள். அதுவும் எதிர் மேசைப் பாட்டுக்காரியோடு வாயடித்துக்கொண்டே. பாட்டுக்காரி என்றால் ஏதோ கச்சேரி செய்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே பாட்டின் முதல் இரண்டு வரியை வருடக்கணக்காகப் பாடுபவள். மூன்றாவது வரி அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இறால் செத்தும் சண்டையை விடாத பிராணி. அதன் தலையில் ரம்பப் பல் வைத்த ஒரு கொம்பு இருக்கும். கொஞ்சம் அசந்தால் விரலில் இறங்கிவிடும். அதற்காகத்தான் கிளவுஸ் கொடுக்கிறார்கள். ஆனால் கிளவுஸ் போட்ட விரலுக்குக் குடல் தட்டுப்படாது. குடல் அறுந்தால் கூடையையே திருப்பி அனுப்புவார்கள். அதனால் புதுக் கிளவுஸ் கைக்கு வந்ததும் நாங்கள் செய்கிற முதல் வேலை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நுனியைக் கத்தரிப்பது. கத்தரித்த நுனிகளைத் தூக்கிப் போடுவதில்லை. அவற்றுக்குத் தொப்பி என்று பெயர். விரலில் குத்து விழுந்தால் அதன்மேல் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வோம். ரத்தம் இறாலில் படாது, சூப்பர்வைசர் கண்ணிலும் படாது.

சூப்பர்வைசர் கண்ணில் படக்கூடாது என்பதுதான் முக்கியம். காலையில் வாசலில் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் புரட்டிப் பார்ப்பார். புண் இருந்தால் ஆறும்வரை வீட்டுக்குப் போ. கூலி கிடையாது. சட்டம் நல்ல சட்டம்தான். நம் நன்மைக்காகப் போட்டதுதான். ஆனால் வயிறு சட்டம் படித்ததில்லையே. எனவே குத்து விழுந்தால் அதை வளரவிடாமல் அன்றைக்கே அமுக்கிவிடுவது என்று ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பேசினில் இருக்கும் உப்புத் தண்ணீரில் விரலை முக்கி, ரத்தத்தைப் பிழிந்து விட்டு, தொப்பி. கடல் தந்த காயத்தைக் கடல் தண்ணீரே ஆற்றும் என்பது அண்ணியின் வேதவாக்கு.

இதைச் சொல்லும்போது கண்ணாடிக்காரியையும் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உரித்தவள். போன வருடம் அவள் கை வீங்கிப்போய் ஒரு கிளினிக்கில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். சுகாதார ஆபீஸிலிருந்து வந்தார்கள், பேசின் தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் போனார்கள், ஷெட்டைப் பூட்டினார்கள். கழுவி, சுண்ணாம்படித்துத் திறக்கும்வரை எல்லோர் வீட்டிலும் அடுப்பு பாதிதான் எரிந்தது. அதற்குப் பிறகு கண்ணாடிக்காரியோடு யாரும் பேசவில்லை. "ஒரு விரலுக்காக ஊரையே பட்டினி போட்ட மகராசி" என்று முதலில் ஆரம்பித்தது என் அண்ணிதான். அவள் வாயில் விழுந்தவர்கள் எழுந்ததில்லை. கண்ணாடிக்காரி தானாகவே நின்றுவிட்டாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த வாரம். ஐஸ் மெஷின் கெட்டுப்போய், வெளியிலிருந்து வந்த ஐஸும் பாதி வழியிலேயே தண்ணீராகிவிட்டது. இறால் கூடைகள் வெயிலில் காய்ந்துதான் உள்ளே வந்தன. பேசின் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கையை விடும்போதே எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

மதியத்துக்கு மேல் அண்ணி "ஸ்ஸ்" என்றாள். வலது ஆள்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே, கொம்பு நன்றாக இறங்கியிருந்தது. அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு விரலைப் பேசினில் முக்கினாள். எதிரில் இருந்த பாட்டுக்காரி பாட்டை நிறுத்தி, ஒரு தொப்பியைத் தூக்கிப் போட்டாள்.

"இந்தா, மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்."

எல்லோரும் சிரித்தோம். அண்ணி ஈர விரலில் தொப்பியை மாட்டிக்கொண்டு சாயங்காலம்வரை அதே தண்ணீரில் அதே கையை விட்டு உரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் விரல் விண்விண் என்று தெறிக்கிறது என்றாள். இடது கையாலேயே சமைத்தாள். என்னைச் சமைக்க விடமாட்டாள், நான் உப்புப் போடவும் பயப்படுவேனாம். விடிந்தபோது அவள் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. விரல் இரண்டு விரல் தடிமனுக்கு வீங்கி, புறங்கை முழுவதும் சிவந்து பளபளத்தது. அண்ணிக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவாள், வராவிட்டால் அதுவும் நல்லதுக்குத்தான் என்பாள்.

"வயித்து வலின்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடு. நாளைக்கு வந்துடுறேன்."

"அண்ணி, கையைப் பாருங்க. எனக்கு வயித்தைக் கலக்குது."

"உனக்கு எப்பதான் கலக்கல?"

அண்ணன் லாரி ஓட்டுகிறவன். அப்போது எங்கோ நெடுந்தூரத்தில் சரக்கோடு போய்க்கொண்டிருந்தான். போனில் அவனைப் பேச வைத்து, அவன் கத்திய பிறகுதான் அண்ணி செருப்பை மாட்டினாள். கிளம்புவதற்கு முன் இரண்டு கையிலும் சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். வலது கையைத் தொடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். எதற்கு இப்படித் தேய்க்கிறாள் என்று எனக்கு ஆஸ்பத்திரியில்தான் புரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரி. நீள வராண்டா, சுவரை ஒட்டி இரும்பு பெஞ்சுகள், எங்கு பார்த்தாலும் இருமல். முறை வந்து உள்ளே போனோம். சின்ன வயது டாக்டரம்மா, முகத்தில் மாஸ்க். அந்த மாஸ்க் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் இருவர் மேலும் அடிக்கும் வாடையே உண்மையைச் சொல்லியிருக்கும்.

"எப்படிம்மா ஆச்சு?"

"வெங்காயம் நறுக்கும்போது கத்தி வெட்டிடுச்சும்மா."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"வீட்லதாம்மா இருக்கேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் என் காலை மிதித்தாள். சர்க்கரை இருப்பதை மட்டும் மறைக்காமல் சொன்னாள். டாக்டரம்மா கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்து, ஒரு ஊசி எழுதினார். பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, சிவப்பு முடிகிற இடத்தில் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"ரத்தம் டெஸ்ட்டுக்குக் கொடுத்துட்டு வெளிய உக்காருங்க. ரிசல்ட் வந்ததும் பாக்குறேன். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா காத்திருக்க வேணாம், உடனே உள்ள வாங்க."

ஊசி போட்டு, ரத்தம் கொடுத்து, பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் வேறெதையும் பார்க்கவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்குவதைப் பார்க்கிறவள் போலக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அப்படியும் அது எப்போது தாண்டியது என்று எனக்குத் தெரியவில்லை. கோட்டுக்கு உள்ளே இருந்த சிவப்பு, இப்போது கோட்டுக்கு மேலே இருந்தது.

"அண்ணி, தாண்டிடுச்சு."

"பேனா மை பரவியிருக்கும்."

"மை சிவப்பாவா பரவும்? டாக்டர்கிட்ட சொல்லிடலாம் அண்ணி. இறால்னு சொல்லிடலாம்."

அண்ணி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையை மூடினாள். குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதே இல்லை.

"வாயத் தொறந்த, உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. ஷெட்டைப் பூட்டுவாங்க. அத்தனை பொம்பளைங்களும் என் மூஞ்சில காறித் துப்புவாங்க. கண்ணாடிக்காரிய நான் பேசுன பேச்செல்லாம் எனக்குத் திரும்பி வரும். என் மேல சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

பண்ணினேன். பயத்தில் எதற்கும் தலையாட்டுகிறவள்தானே நான். துண்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். துண்டுக்கு அடியில் அந்தக் கை கொதித்தது.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நடுக்கம் வந்தது. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்த வராண்டாவில் அவள் ஒருத்தி குளிரில் நடுங்கினாள். துண்டு நழுவியது. புறங்கையில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. தீக்கொப்புளம் வெள்ளையாக இருக்கும். இது கருநீலமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று உப்பி வந்தது. "கூடை வந்துடுச்சா?" என்று அண்ணி என்னைக் கேட்டாள். எந்தக் கூடை என்றேன். "கூடையைக் கொண்டாடி, நேரமாகுது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். இவள் செத்துப்போய்விடுவாள், இந்த இரும்பு பெஞ்சிலேயே, என் பக்கத்திலேயே, வெங்காயக் கத்தி என்று சொல்லிக்கொண்டே செத்துப்போய்விடுவாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சத்தியத்தை மீறினால் யாருக்கு என்ன ஆகும் என்று வேறு ஒரு பயம். பயத்துக்கும் பயத்துக்கும் நடுவில் நின்றவளுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். நான் எழுந்து ஓடினேன். டாக்டர் அறை வாசலில் காவலாள் கையைக் குறுக்கே நீட்டினான். வாழ்நாளில் முதல்முறையாக ஓர் ஆம்பளையைப் பிடித்துத் தள்ளினேன்.

"கத்தி இல்லம்மா! இறால் கொம்பு! நாங்க இறால் ஷெட்டுல வேலை பாக்குறோம். குத்துன விரலோட நாள் பூரா அந்தத் தண்ணியிலயே கை விட்டாங்க. கோடு தாண்டிடுச்சு, கறுப்பாக் கொப்புளம் வருது, அண்ணி பிதற்றுறாங்க."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த நோயாளியிடம் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழுந்து, நடக்கவில்லை, ஓடினார். டாக்டர்கள் நடந்தால் பயமில்லை. ஓடினால்தான் பயம். அண்ணியின் கையைப் பார்த்ததும் யார் யாரையோ கூப்பிட்டார். தள்ளுவண்டி வந்தது. அதன் கூடவே நானும் ஓடினேன். ஓடிக்கொண்டே அவர் எனக்குச் சொன்னார்.

"உப்புத் தண்ணியில இருக்கற கிருமிம்மா இது. இறால், நண்டு, சிப்பி எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு வரும். நல்லா வேகவச்சா செத்துடும். ஆனா புண்ணு வழியா உள்ள போயிட்டா அது வேற கதை. வெயில் காலத்துல கண்டபடி பெருகும். சர்க்கரை இருக்கறவங்க, ஈரல் கெட்டவங்க உடம்புல பூந்துச்சுன்னா மணிக்கணக்குல சதையை அழிச்சுடும். இதுக்கு மருந்தே வேற. கத்தின்னு சொன்னதால நான் கத்திக்கு மருந்து கொடுத்துட்டேன்."

மருந்தை மாற்றினார்கள். ஒரு பாட்டிலுக்கு இரண்டு பாட்டிலாகத் தொங்கவிட்டார்கள். ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர் வந்தார். கையைத் திறந்து, கெட்ட சதையை எடுத்தே ஆகவேண்டும் என்றார். மருந்து ஏறியதில் அண்ணிக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"எது வரைக்கும் எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"எது வரைக்கும் கெட்டிருக்கோ அது வரைக்கும். தொறந்து பாத்தாதான் தெரியும்மா. கையைக் காப்பாத்தத்தான் பாப்போம். முடியலன்னா உயிரைக் காப்பாத்துவோம்."

சம்மதக் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்கள். அண்ணி பழக்கத்தில் வலது கையைத் தூக்கப் போனாள். அது தூக்க வரவில்லை. வலது கையை எடுத்துக்கொள்ளலாம் என்று இடது கையால் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அதுவரை நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை. அவள் பயந்ததைப் பார்த்துத்தான் நான் உண்மையாகப் பயந்தேன்.

கதவு மூடிக்கொண்டது. அண்ணன் போனில் அழுதான். "ஓரமா நிறுத்திட்டு அழு, ஓட்டிக்கிட்டே அழாத" என்று அவனுக்குத் தைரியம் சொன்னேன். போனை வைத்த பிறகு மூடிய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தியத்தை மீறியதால்தான் கதவு இன்னும் திறக்கவில்லை என்று ஒரு மனது சொல்லியது. போடி முட்டாள் என்று இன்னொரு மனது சொல்லியது. முதல் மனதின் குரல்தான் பலமாக இருந்தது.

இருட்டுவதற்குள் திறந்தார்கள். இரண்டு விரல் போயிருந்தது. புறங்கைச் சதையும் முன்கையில் ஒரு பட்டையும் போயிருந்தது. கை இருந்தது. அண்ணி இருந்தாள். "சாயங்காலம் வரைக்கும் வெங்காயக் கத்தியாவே இருந்திருந்தா இப்ப நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்பேன்" என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அண்ணி கண் விழித்ததும் முதலில் கையிலிருந்த கட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"யாரு சொன்னது?"

"நான்தான்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. நான் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டாள். நர்ஸ் ஊட்டினால் சாப்பிடுவாள். தண்ணீர் வேண்டுமா என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். அண்ணன் வந்து சேர்ந்தான். அவனிடம் பேசினாள், டாக்டரிடம் பேசினாள், பக்கத்துக் கட்டில் கிழவியிடம் ஊர்க்கதை கேட்டாள். என்னை மட்டும் கட்டில் கால் மாதிரி நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் ஷெட்டுக்கும் சேதி போய்விட்டது. சுகாதார ஆபீஸிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும், இருக்கும் இறால் வீணாகிவிடக்கூடாது என்று சூப்பர்வைசர் எல்லோரையும் விரட்டி விரட்டி உரிக்கச் சொன்னாராம். பிறகு பூட்டினார்கள். கூட வேலை செய்பவள் ஒருத்தி வராண்டாவரை வந்தாள். அண்ணியைப் பார்க்க உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து, "நாத்தனார் புத்திய நல்லாக் காட்டிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள். இனி எனக்கு அங்கே வேலையும் இல்லை, வீட்டில் முகமும் இல்லை. அண்ணன் வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடமும் கிடையாது. உயிரைக் காப்பாற்றியதற்கு இப்படி ஒரு கூலியா என்று எரிச்சலாக இருந்தது. எரிச்சலுக்கு அடியில் பயம்தான் இருந்தது. இவள் பிழைத்து எழுந்து, ஆயுள் முழுக்க என்னை இப்படியே பார்க்காமல் இருப்பாளோ என்ற பயம்.

ஷெட்டைப் பூட்டிய மறுநாள் காலையில், டாக்டரம்மா வார்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசல் பக்கம் ஒரு தள்ளுவண்டி வந்தது. வண்டியில் கிடந்தவளைப் பார்த்தேன். பாட்டுக்காரி. அவள் கையை ஈரத் துணியால் சுற்றியிருந்தார்கள். முகம் சாம்பல் பூத்துப்போய், உதடு வெடித்து, பல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து, சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவள் அவள். கூட வந்த புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்படிம்மா ஆச்சு?" என்று டாக்டரம்மா குனிந்தார்.

"வீட்டுக் கதவுத் தகரம்மா. கிழிச்சிடுச்சு."

"நீங்களும் இறால் ஷெட்டா?"

"இல்லம்மா. நான் துணி தைக்கிறேன்."

சொல்லிக்கொண்டே அவள் கண் என் மேல் விழுந்தது. சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. நான் வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். ஒருத்தியைக் காட்டிக்கொடுத்ததற்கே இந்தப் பாடு. இன்னொருத்தியையுமா? டாக்டரம்மா நர்ஸிடம் ஏதோ மருந்துப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.

எனக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பினேன். அண்ணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். மருந்துக் குழாய் இழுபட்டு, பாட்டில் கம்பி ஆடியது. கட்டுப் போட்ட கையைத் தூக்கி, மிச்சமிருந்த விரல்களோடு பாட்டுக்காரியை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, பொய்! அவ என் எதிர் மேசைக்காரி. அது தகரம் இல்ல, இறால். அதே தண்ணி, அதே கொம்பு."

பாட்டுக்காரி "ஐயோ, அக்கா" என்று அழுதாள். டாக்டரம்மா ஏற்கெனவே துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணிக்கு மூச்சு வாங்கியது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாத்துக்கிட்டு நிக்கிறியே தொடைநடுங்கி, அவளுக்குக் காமாலை வந்ததைச் சொல்லுடி, சீக்கிரம் சொல்லு!"